எரியாத கட்டை

தூத்துக்குடியில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் வெளியே வர மனசு வராது. பித்தளை விளக்கு, துருவேறிய கப்பி, கண்ணாடி உடைந்த காற்றழுத்தமானி, யாரோ ஒரு மாலுமி விட்டுப்போன தகர டப்பா. அப்படி ஒரு டப்பாவுக்குள், திருகாணிகளுக்கு நடுவில், எனக்குக் கிடைத்தது ஒரு சுங்கான்.

சுங்கான் என்றால் இப்போது பலருக்குப் புரியாது, பைப் என்றால் புரியும். கறுப்பு வெள்ளைப் படங்களில் கோடுபோட்ட மேலங்கியோடு மாடிப்படி இறங்கி வரும் பணக்கார அப்பாவின் வாயோரம் தொங்குமே, அதுதான். பழைய அகராதிகளில் சொல் பத்திரமாக இருக்கிறது. ஈழத்து எழுத்தில் இன்றும் தட்டுப்படும். நம் சுருட்டு ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆனது. சுங்கானுக்கு அந்த யோகம் இல்லை, ஊருக்குள்ளேயே மறந்துபோனது.

நான் புகைப்பதில்லை. வாங்கியதற்குக் காரணம் அதன் உட்புறம். கிண்ணத்துக்குள் விரலை விட்டால் கருகரு என்று கரி ஒட்டியது. எத்தனையோ நூறு தடவை அதற்குள் நெருப்பு எரிந்திருக்கிறது. வெளிப்புறமோ நெல்லிக்காய் ஊறுகாயின் நிறத்தில், எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளப்பு. சுவரின் கனம் ஒரு விரல்கூட இல்லை. மரத்தால் செய்த அடுப்பு ஒன்று, தான் எரியாமல், எப்படி இத்தனை காலம் இருந்தது?

பழைய துறைமுகத்துப் பக்கம் தோணி கட்டும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணிகளை அறுத்து, பூட்டி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தே முடி நரைத்தவர். கையில் வாங்கி எடை பார்த்தார். நகத்தால் கீறினார். முகர்ந்தார்.

"தேக்கு இல்ல, அயினி இல்ல. கனம் பாத்தா கருவை மாதிரி இருக்கு. ரேகையப் பாத்தா வேரு மாதிரில்லா இருக்கு."

"என்ன கட்டைன்னு தெரியலையா அண்ணாச்சி?"

"தெரியல தம்பி. நெருப்புக்குள்ள கட்டைய வச்சுப் பாத்திருக்கேன். கட்டைக்குள்ள நெருப்ப வைக்கிறவன இப்பத்தான் பாக்கேன்."

அவர் சொன்னதில் எங்கள் மாவட்டத்தின் சரித்திரமே அடக்கம். இது மரத்தை எரியவைக்கத் தெரிந்த மாவட்டம். வடக்கே கோவில்பட்டியில் தீக்குச்சி. விளாத்திகுளம், புதூர் பக்கம் போனால் சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே புகையும் கரி மூட்டங்கள். ஒன்று மரத்தை நொடியில் பற்றவைக்கும் கலை, மற்றொன்று நாள்கணக்கில் வேகவைக்கும் கலை. இரண்டையும் அருகில் நின்று பார்த்திருந்தால் சுங்கானின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும்.

தீக்குச்சியிலிருந்தே தொடங்கலாம். மரம் தானாக எரிவதில்லை என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. சூடு ஏறும்போது முதலில் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியபின் மரத்தைக் கட்டிவைத்திருக்கும் செல்லுலோசும் அதன் கூட்டாளிகளும் உடையத் தொடங்குகின்றன. 300 டிகிரியை ஒட்டி அந்த உடைப்பு வேகமெடுத்து, எரியக்கூடிய வாயுக்கள் குபுகுபுவென வெளியேறுகின்றன. சுடராக நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். வாயு போனபின் மிஞ்சுவது கரி. கரிக்குச் சுடர் கிடையாது. காற்று படும் மேற்பரப்பில் மட்டும் கனன்று, சாம்பலாகும்.

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் முதலான மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசியதும் பொறி. ஆனால் அந்தப் பொறி குச்சியைப் பற்றுவதற்குள் அணைந்துவிடும் என்பதால்தான் குச்சியை மெழுகில் முக்குகிறார்கள். மரம் வாயு விடத் தயங்கும் அந்தச் சின்ன இடைவெளியை மெழுகின் ஆவி நிரப்புகிறது. தரமான குச்சிகளுக்கு இன்னொரு குளியலும் உண்டு, பாஸ்பேட் கரைசலில். சுடர் ஊதி அணைந்ததும் கரி கனன்றுகொண்டே கிடந்து எங்காவது விழுந்து வைக்கோலைப் பற்றவைத்துவிடக் கூடாது அல்லவா? அதற்கு. ஆக, மெழுகு குச்சியை எரியத் தூண்டுகிறது, பாஸ்பேட் நிறுத்தச் சொல்கிறது. இரண்டு வார்த்தையையும் கேட்கிற மரம்தான் நல்ல குச்சி.

கரி மூட்டம் வேறு கதை. வெட்டிய கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி அடுக்கி, தழை போர்த்தி, அதன்மேல் மண் பூசி, ஒரு பக்கம் தீ வைத்து மூடிவிடுவார்கள். அங்கங்கே காற்றுக்குச் சிறு துவாரம். முதலில் வெள்ளை வெளேர் என்று கிளம்பும் புகையில் பெரும்பாலும் நீராவி. பிறகு மஞ்சள் கலந்து கண் எரியும். கடைசியில் புகை மெலிந்து நீலமாகும்போது மூட்டம் பார்க்கிறவர் துவாரங்களை அடைத்துவிடுவார். அவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை, புகையின் நிறம் ஒன்றே அவருக்குக் கணக்கு. உள்ளே சூடு இருக்கிறது, மரம் இருக்கிறது, போதிய காற்று மட்டும் இல்லை. அதனால் மரம் எரியாமல் வெந்து கரியாகிறது. எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்த இடம் சாம்பல்தான். இரவில் யாராவது காவல் இருப்பது அதற்காகவே.

இப்போது சுங்கானுக்குள் எட்டிப் பார்ப்போம். கிண்ணத்தில் புகையிலையை நிரப்பி மேலே தீ வைக்கிறார்கள். வாயால் இழுக்கும்போது காற்று மேலிருந்து கீழே, கனலின் ஊடாகப் போகிறது. அப்போது கனலின் நடுப்பகுதி 500 டிகிரியை எட்டும். மரம் கருகுவதற்குத் தேவையானதைவிட அது அதிகம். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கனல் முதலிலேயே தின்றுவிடுகிறது. கனலை ஒட்டிய மரச்சுவருக்குக் கிடைப்பது சூடும் புகையும்தான். அதாவது, கட்டை விரல் அளவில் ஒரு கரி மூட்டம். சுவரின் உட்புறம் மெல்லிய தோல்போலக் கரியாகிறது. அந்தக் கரி மரத்தைவிடவும் மந்தமாகச் சூட்டைக் கடத்தும் பொருள். ஆகவே ஒரு முறை கருகிய தோல், அடுத்த முறைக்குக் கவசம். புகையிலையின் கரியும் அதன்மேல் படிந்து அப்பிக்கொள்ள, புதுச் சுங்கானைவிடப் பழகிய சுங்கான் சூட்டைத் தாங்கும்.

கட்டடப் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல. தீ விபத்தில் பெரிய மர உத்தரம் மேற்பரப்பில் கரிந்து, அந்தக் கரியாலேயே உள்மரத்தைக் காத்துக்கொள்ளும். மென்மர உத்தரம் கரியும் வேகம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, அரை மணி நேரத் தீயைத் தாங்க இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வடிவமைக்கிறார்கள். அதே தீயில் இரும்பு உத்தரம் சூடேறி, வலுவிழந்து, வளைந்து உட்கார்ந்துவிடும். மரத்தைவிட இரும்பு சில நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. சமையலறையில் இரும்புக் கரண்டிக்கு ஏன் மரப்பிடி, கொட்டாங்கச்சி அகப்பை ஏன் கையைச் சுடுவதில்லை என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இரும்பில் சுங்கான் செய்தால் எரியாது, பிடிக்கத்தான் முடியாது.

என் சுங்கானில் நிஜமாகவே தீய்ந்துபோன இடம் ஒன்று உண்டு: கிண்ணத்தின் மேல் விளிம்பு. அங்கே தீக்குச்சியின் சுடர் நேரே படும், வெளிக்காற்றும் தாராளம். மூட்டத்தில் மண் விரிசல் விட்ட இடம் மாதிரி. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் சரிந்து கருகியிருந்ததை வைத்து, அதன் சொந்தக்காரர் எந்தப் பக்கமாகத் தீக்குச்சி பிடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனையும் எந்த மரத்துக்கும் பொருந்துமே என்று கேட்பீர்கள். பொருந்தும், கொஞ்ச காலத்துக்கு. செர்ரி, ஆலிவ், பேரி மரங்களில் எல்லாம் சுங்கான் செய்திருக்கிறார்கள். ஆனால் மரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறினால் ரேகை வழியே பிளக்கும், அல்லது ஓரிடத்தில் ஓட்டை விழும். அப்படிப் பிளக்காத கட்டையைத் தேடி ஐரோப்பியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டெடுத்ததுதான் பிரையர். ஆசாரி அண்ணாச்சிக்கு அடையாளம் தெரியாத கட்டை அதுதான்.

பிரையர் ஒரு புதர். தாவரவியல் பெயர் எரிக்கா ஆர்போரியா. பிரெஞ்சில் அதற்கு 'ப்ருயேர்' என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது பிரையர் ஆகி, முள் ரோஜாப் புதரைக் குறிக்கும் தங்கள் சொல்லோடு கலந்துவிட்டது. ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கோர்சிகா, சார்டீனியா, இத்தாலியின் கலாப்ரியா, கிரேக்கம், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகளில் வளர்கிறது. நம் தேரிக்காட்டு உடைமரம் மாதிரி, நல்ல மண் கிடைக்காத இடத்தில் பிடிவாதமாக நிற்கிற ஜாதி.

அந்தக் குன்றுகளில் கோடை வந்தால் காட்டுத்தீ வரும். புதர் அடியோடு கருகிவிடும். ஆனால் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணோடு மண்ணாக, இந்தச் செடி ஒரு கட்டியை வளர்த்து வைத்திருக்கிறது. சேனைக்கிழங்கு போல முண்டும் முடிச்சுமாக. அதற்குள் மாவுச்சத்துச் சேமிப்பும், உறங்கும் மொட்டுகளும். மேலே எல்லாம் போன பிறகு அந்தக் கட்டியிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். அதாவது, தீயைத் தாண்டிப் பிழைப்பதற்கென்றே உருவான உறுப்பு அது. சுங்கான் செய்கிறவர்கள் தோண்டி எடுப்பது, மரத்தையல்ல, அந்தக் கட்டியை. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

அந்தக் கட்டி ஏன் சூட்டைத் தாங்குகிறது என்பதற்கு அதில் சிலிக்கா இருக்கிறது என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது அதன் கட்டுமானம். அடிமரத்தில் நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். கோடாலி வைத்தால் பிளக்கும். கட்டியில் ஒவ்வொரு மொட்டைச் சுற்றியும் நார் வளைந்து, முறுக்கி, பின்னிக்கொண்டு போகிறது. பிளவு ஓட ஒரு நேர்வழி அங்கே கிடையாது. அதோடு அடர்த்தி அதிகம், பிசின் கிடையாது. பைன் கட்டையில் பிசின் இருப்பதால்தான் அது படபடவென்று எரிகிறது.

இம்மாதிரிக் கட்டி நமக்கும் புதிதில்லை. நீலகிரியில் தைலமரத்தை வெட்டினால் அடித்தூரிலிருந்து கொத்தாகத் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேலத்தின் கதையும் அதுதான்: மேலே வெட்டினால் போகாது, தூரோடு தோண்ட வேண்டும். கரி மூட்டத் தொழில் நடப்பதே அது திரும்பத் திரும்பத் துளிர்ப்பதால்தானே. பிரையரின் நேரடிச் சொந்தக்காரரும் தமிழ்நாட்டில் உண்டு, நீலகிரிப் புல்வெளியில் செக்கச் செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்பார்களே, அது. ஒரே குடும்பம். சோலைக்குள் ஒதுங்காமல், தீ ஓடும் புல்வெளியில் தனியே நின்று சமாளிக்கிற மரம் அதுவும். இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடல் மூடிக் கிடந்தபோது, அமெரிக்கர்கள் சுங்கானுக்காகத் தங்கள் மலைகளில் தேடிப் பிடித்த மலை லாரலும் மான்சனிட்டாவும்கூட இதே குடும்பம்தான்.

கட்டியைத் தோண்டி எடுத்ததும் ஆபத்து தொடங்குகிறது. ஆசாரிமார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் வெடிக்கும் என்று. ஏன் வெடிக்கிறது? மரத்தின் செல்களுக்கு உள்ளே கிடக்கும் தண்ணீர் போகும்வரை ஒன்றும் ஆகாது. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்லின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் தண்ணீர் கிளம்பும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது. அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெளிப்புறம் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரமாய் உப்பியிருக்க, நடுவில் மாட்டிக்கொண்ட நார் அறுந்துபோகும்.

அதனால் கட்டிகளைக் குவித்து, ஈரச் சாக்கோ மண்ணோ போட்டு மூடி, மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்து வைக்கிறார்கள். காய விடுவதில்லை. செடி மெல்லச் சாகட்டும் என்று விடுகிறார்கள். பிறகு வட்டரம்பத்தில் அறுவை. அறுக்கிறவர் முன்னால் வரைபடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, செத்துப்போன சிவந்த நடுப்பகுதியை ஒதுக்கி, கல் மாட்டிய இடத்தையும் விரிசலையும் தள்ளி, மிஞ்சுவதில் எந்த அளவுச் சுங்கான் வரும் என்று கண்ணாலேயே முடிவு செய்கிறார். சுழலும் ரம்பத்துக்கு அரையடி தூரத்தில் விரல்களை வைத்துக்கொண்டு செய்யும் முடிவு அது. பெரும்பகுதி கழிவாகத்தான் போகும்.

அறுத்த துண்டுகளைச் செம்புக் கொப்பரையில் பன்னிரண்டு மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல், வேகவைக்கிறார்கள். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி சிவந்துபோகும். சாறும் துவர்ப்பும் வெளியேறுவதற்காக இந்த அவியல். இல்லாவிட்டால் முதல் தீயிலேயே கசப்புத் தட்டும், சூட்டில் சாறு கொதித்துக் கட்டையும் வெடிக்கும். பிறகு நிழலில், காற்றோட்டமாக, உலர்த்தல். மாதங்கள் என்பது குறைந்தபட்சம். நல்ல பட்டறைகளில் வருஷக்கணக்கு.

இப்படி உலர்ந்த துண்டுகள் மூட்டை மூட்டையாக விலைக்குப் போகும். வாங்குகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கடைந்து கடைந்து, முடிக்கப்போகும் நேரத்தில் ஒரு கடுகளவு குழி எட்டிப் பார்க்கும். உடனே அந்தச் சுங்கானின் விலை பாதியாகும். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்புதான் ஞாபகம் வந்தது. சலாபக் காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் அதிர்ஷ்டம் மூடிய ஓட்டுக்குள் இருக்கும். பிறகு கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். 20 கண்ணிலிருந்து 1000 கண் வரை பத்துச் சல்லடை. பிரையரிலும் தரம் பிரிப்பது செய்து முடித்த பிறகுதான். குழியே இல்லாமல், நார் முழுக்க அடியிலிருந்து விளிம்புவரை நெடுகக் கோடு கோடாக ஓடும் சுங்கான் மிக அபூர்வம். அதே நாரைக் குறுக்கே வெட்டிய முகத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாய்த் தெரியும். என் சுங்கானில் முன்பக்கம் கோடு, பக்கவாட்டில் புள்ளி. ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது; ஊசியால் குத்திப் பார்த்தால் பட்டி வைத்து அடைத்த குழி! எங்கள் ஊர்ச் சலாபம் 1961-உடன் நின்றுபோனது. திறக்காத பொருளுக்கு ஏலம் கேட்கும் தைரியசாலிகள் வேறு தொழிலுக்குப் போனார்கள்.

பிரையரைப் பெரிய தொழிலாக்கிய ஊர் பிரான்சின் ஜூரா மலையிலுள்ள செயின்ட் க்ளோட். அது ஒரு யாத்திரைத் தலம். வருகிற பக்தர்களுக்கு மரத்தில் ஜெபமாலை மணியும் சின்னச் சின்னச் சாமான்களும் கடைந்து விற்றுப் பழகிய கைகள், 1850களில் பிரையருக்குத் திரும்பின. பனிமய மாதா கோயில் திருவிழாக் கடைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கடைசல் தெரிந்தவனுக்கு மணி என்ன, சுங்கான் என்ன.

பிரையருக்கு முன்னால் ஐரோப்பியர் பெரும்பாலும் புகைத்தது மண் சுங்கானில். 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து, 1825 வரை இடையிடையே விட்டும் பிடித்தும் வைத்திருந்த டச்சுக்காரர்களின் நாட்டில் கௌடா என்ற ஊர் இந்த வெள்ளை மண் சுங்கானுக்குப் பேர்போனது. மண் எரியாது, ஆனால் உடையும். அடிக்கடி உடைந்தது, தூக்கி எறிந்தார்கள், மறுபடி வாங்கினார்கள். தொல்லியலாளருக்கு அதைவிட என்ன வேண்டும்? 1954-ல் ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கர், உடைந்த தண்டுகளின் துளையை டிரில் பிட் நுழைத்து அளந்தார். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தண்டுகளில் துளை அகலம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் அது பாதியாகச் சுருங்கியிருந்தது. தண்டு நீள நீள, துளையைச் சிறிதாக்க வேண்டி வந்திருக்கிறது. ஆக, ஒரு குவியல் துண்டு கிடைத்தால் அந்தக் குடியிருப்பின் காலத்தைத் தோராயமாகச் சொல்லலாம். மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கையில் கிடந்த அறுத்த சங்குத் துண்டுகளைப் பார்த்து அங்கே பழங்காலத்தில் சங்கு அறுப்புத் தொழில் நடந்ததை எடுத்துச் சொன்னாரே, அதே வேலை. முழுசாய் இருப்பது அலமாரிக்குப் போகும், உடைந்தது சரித்திரத்துக்குப் போகும்.

துளையின் கதை அங்கேயே முடியவில்லை. பிரையர்ச் சுங்கானில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது வெளி அழகல்ல, உள்ளே இருக்கும் இரண்டு துளைகள். ஒன்று மேலிருந்து இறங்கும் கிண்ணம், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம். மற்றொன்று தண்டு வழியாக வந்து அதைச் சந்திக்கும் காற்றுத் துளை, 4 மில்லிமீட்டருக்குள். இந்த இரண்டாவது துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில், சரியாக நடுவில், வந்து திறக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் மேலே திறந்தால் போச்சு. புகையிலை எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. இலையில் இருந்த ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஆவி குளிர்ந்த தண்டில் பட்டு நீராக இறங்கி, துளைக்குக் கீழே குட்டையாகத் தேங்கும். இழுக்கும்போதெல்லாம் குடுகுடு சத்தம். உக்காவில் வேண்டுமென்றே தண்ணீர் வைத்து வரவழைக்கும் சத்தம், இங்கே ஆசாரியின் பிழையால் வரும்.

என் சுங்கானின் வாய்ப்பகுதி பாசி படிந்த மாதிரி பழுப்பும் பச்சையுமாக இருந்தது. அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அது எபோனைட். ரப்பரோடு 30 சதவீதம் அளவுக்குக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கிய பொருள். பற்களுக்கு இதமாகக் கடிபடும். ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும், வாயில் வைத்தால் கெட்ட சுவை. மெல்லிய உப்புத்தாள் போட்டால் மேல் தோல் போய்க் கறுப்பு திரும்பும். போட்டேன், திரும்பியது.

சொரசொரப்பான மேற்பரப்புள்ள சுங்கான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனில் கடை வைத்திருந்த ஆல்பிரட் டன்ஹில் 1917-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கட்டையின் மேல் மணலை வேகமாகப் பீய்ச்சினால், வளையங்களில் மிருதுவானது தேய்ந்துபோய், உறுதியானது வரப்பு வரப்பாக எழுந்து நிற்கும். குழி விழுந்த கட்டையைக் காசாக்கும் தந்திரம் என்றும் சொல்லலாம், மேற்பரப்பு கூடுவதால் சூடு சீக்கிரம் ஆறும் என்றும் சொல்லலாம், இரண்டும் பொய்யில்லை. குதிரைமொழித் தேரியில் ஆடிக்காற்று அடிக்கும்போது பழைய பனங்கட்டை வேலியைத் தடவிப் பாருங்கள். செம்மணல் அதே வேலையைக் காப்புரிமை இல்லாமல் செய்திருக்கும்.

இன்னொரு வகை, ஷெர்லாக் ஹோம்ஸ் படங்களில் வளைந்து தொங்கும் பெரிய சுங்கான், நம் வீட்டுச் சுரைக்காய்தான். வளரும்போதே காம்பை வளைத்துவிட்டு, முற்றிக் காய்ந்தபின் உள்ளே வெள்ளைக் கல் கிண்ணம் பொருத்துவார்கள். கதைகளில் ஹோம்ஸ் அதைப் பிடித்ததே இல்லை, மேடையும் படமும் அவர் வாயில் வைத்தது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுங்கான் புகை பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. அதனால் நிக்கோட்டினை நெஞ்சுக்குள் இழுக்காமலே வாயின் உட்தோல் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இழுப்பதில்லையே, ஒன்றும் ஆகாது என்று சுங்கான்காரர்கள் சொல்லிக்கொள்வது இந்த அரைகுறை அறிவால். சோமெரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1795-லேயே சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் வரும் புற்றைப் பற்றி எழுதிவிட்டார். கட்டை தப்பித்துக்கொண்டது, உதடு தப்பவில்லை.

இதையெல்லாம் ஆசாரி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். உதடு சமாச்சாரத்துக்கு உச்சுக் கொட்டினார். ரம்பக்காரர் பேச்சு வந்ததும் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அதில் ஆள்காட்டி விரல் நுனி இல்லை. தண்ணீர் தெளித்து மாதக்கணக்கில் வைப்பதையும், அவித்து எடுப்பதையும் மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

"அப்ப நம்ம கருவைத் தூரையும் அவிச்சுப் பாக்கலாமே?"

அடுத்த முறை போனபோது பட்டறையின் ஓரம், கலப்பத்துப் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கு போர்த்திய ஒரு தூர் கிடந்தது. நான்கு மாதம் கழித்து அதை அறுத்து, பட்டறை அடுப்பில் பாதி நாள் அவித்தார். தண்ணீர் காவி நிறத்தில் கலங்கியது. கையடக்கமாக இரண்டு துண்டு தேறின. இப்போது அவை கூரைச் சட்டத்தில், வெயில் படாத மூலையில், தேதி எழுதிய காகிதத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் காட்டினார். ஒன்றில் முடியளவு கீறல் விட்டிருந்தது. மற்றதை என் காதோரம் வைத்து, விரல் முட்டியால் தட்டினார்.

"சத்தம் கேக்கா? இது இன்னும் விடல."